தாஜ் மஹாலின் ரெகே – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாஜ் மஹால் என்ற அமெரிக்கப் பாடகரின் 'மோ ரூட்ஸ்' ('இன்னும் வேர்கள்') என்ற ரெகே பாணித் தொகுப்பைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்டேன். ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை, பாடுகிற ஒருவர் வேரைத் தேடுவதென்றால் மிசிசிப்பிக்குப் போகலாம், ஆப்பிரிக்காவுக்குப் போகலாம். ரெகே பிறந்த ஜமைக்காவுக்கு எதற்கு? இன்னொரு சந்தேகம். நண்பர்களோடு ஏ ஸ்கேலில் ஒரு 12 பார் ப்ளூஸை (நாலு அடி கொண்ட பார் பன்னிரண்டு சேர்ந்த சுற்று) ரெகேயாக மாற்றிப் பார்த்தோம். மெட்ரோனோம் நிமிடத்துக்கு 72 சொடுக்கு. ஒவ்வொரு பாரிலும் 2ஆம், 4ஆம் அடிகளில் கிட்டார் கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டை) அடித்து உடனே நிறுத்தி வெட்டினேன். ஒரே இழுவை, சத்தமும் கலங்கலாக இருக்கிறது. எங்கே தவறு?

செ., கோவை

அன்புள்ள செ.,

இரண்டாம் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்தான் கிடக்கிறது.

மெட்ரோனோமை 144க்கு ஏற்றுங்கள். ரெகேவை இரண்டு விதமாக எண்ணுவார்கள். 144ல் எண்ணினால் கிட்டார் வெட்டு 2லும் 4லும் விழும். அதே பாட்டை 72ல் எண்ணினால் வெட்டு இரண்டு சொடுக்குகளுக்கு நடுவே விழும். நீங்கள் 72ஐ வைத்துக்கொண்டு 144ன் கணக்கில் வெட்டியிருக்கிறீர்கள். 12 பாருக்கு 48 அடி. 20 நொடியில் முடியவேண்டிய சுற்று 40 நொடி ஓடியிருக்கும். இழுக்காமல் என்ன செய்யும்?

அடுத்தது ட்ரம்ஸ். ப்ளூஸில் ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறு ட்ரம்) விழுகிற இடமும் அதே 2, 4தான். கிட்டார் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டால் ஸ்நேர் இடத்தைக் காலிசெய்ய வேண்டும். ஒன் ட்ராப் என்கிற அடியில் கிக்கும் (காலால் மிதிக்கும் பெரிய ட்ரம்) ஸ்நேரின் விளிம்புத் தட்டும் சேர்ந்து 3ல் மட்டும் விழும். 1 வெறுமை. சமத்தில் அடிக்காமலிருப்பது ராக் பழகிய ட்ரம்மருக்குப் பெரிய கஷ்டம். நாலு பார் ஒழுங்காகப் போகும். ஐந்தாம் பாரில் கார்டு டிக்கு மாறும்போது கால் தானாக 1ல் போய் மிதிக்கும். ஒத்திகையில் அந்த இடத்தைக் கவனியுங்கள்.

கலங்கலுக்குக் காரணம் அநேகமாக ஆறு கம்பியிலும் பிடித்த ஏ செவன்த் (ஏ கார்டோடு ஜி சுரமும் சேர்ந்தது). மெல்லிய மூன்று கம்பிகள் போதும். 3, 2, 1 என்ற கம்பி வரிசையில் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் உலோகக் கட்டு) எண்கள்: ஏ கார்டுக்கு 6, 5, 5. டிக்கு 7, 7, 5. ஈக்கு 9, 9, 7. அடித்த கணமே இடக்கை அழுத்தத்தைத் தளர்த்துங்கள், ஆனால் விரலைக் கம்பியிலிருந்து எடுக்காதீர்கள். எடுத்தால் திறந்த கம்பி முனகும். செவன்த்தாக வரும் ஜி சுரத்தைப் பாடுகிறவரிடம் விட்டுவிடலாம். பாஸ்காரர் ப்ளூஸில் போல அடிக்கு ஒரு சுரமாக நடக்கக் கூடாது. இடைவெளி விட்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கட்டும்.

இனி ஜமைக்கா. ப்ளூஸின் ஷஃபிள் என்கிற தாளப்போக்கு திச்ர நடை, அதாவது ஒரு அடியை மூன்றாகப் பிரிப்பது. 'தகிட'வில் நடு எழுத்தை விழுங்கி 'த.ட த.ட' என்று போவது. 1950களில் ஜமைக்காக்காரர்கள் நியூ ஆர்லியன்ஸ், மயாமி வானொலிகளில் இரவு நேரத்தில் இதைத்தான் கேட்டார்கள். சவுண்ட் சிஸ்டம் (ஒலிபெருக்கி வைத்துத் தட்டு போட்டு ஆடவைக்கும் ஏற்பாடு) நடத்தியவர்கள் அமெரிக்காவிலிருந்து ரிதம் அண்ட் ப்ளூஸ் தட்டுகளைத் தருவித்தார்கள். அங்கே ராக் அண்ட் ரோல் வந்து அந்தச் சரக்கு குறைந்ததும் சொந்தமாகப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். அப்போது மெலிந்து கிடந்த 'ட' அழுத்தம் பெற்றது. அதுதான் ஸ்கா. பிறகு வேகம் தணிந்து ராக்ஸ்டெடி, 1968 வாக்கில் ரெகே. உங்கள் கிட்டார் வெட்டு அந்தப் பழைய 'ட'தான். ஆகவே இதை ஃப்யூஷன் என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. பாட்டியும் பேத்தியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தாஜ் மஹாலுக்கு இது வீட்டு விஷயமும்கூட. 1942ல் ஹார்லெமில் பிறந்தவர். தாய் தென் கரோலினாக்காரர், தந்தை கரீபியக் குடும்பத்து ஜாஸ் இசைஞர். தந்தை இறந்தபின் வந்த மாற்றாந்தந்தை ஜமைக்காக்காரர், அவருடைய கிட்டாரில்தான் பையன் கைவைத்தான். இப்படி ஒருவர் மிசிசிப்பியோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் குடும்பத்தை விட்டுவிட்டதாக ஆகும். அடிமைக் கப்பல்கள் சார்ல்ஸ்டனுக்கும் வந்தன, கிங்ஸ்டனுக்கும் போயின. 1974ல் 'மோ ரூட்ஸ்'ஸில் அவர் 'ஸ்லேவ் டிரைவர்' பாட்டை எடுத்தது அதனால்தான். அது ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழு முந்திய ஆண்டு 'கேட்ச் எ ஃபயர்' தொகுப்பில் பாடியது. வெய்லர்ஸின் அந்தத் தொகுப்பில் எதிர்த்திசைப் பயணமும் உண்டு: 'கான்கிரீட் ஜங்கிள்' பாட்டின் கிட்டார் சோலோ, அலபாமாக்காரரான வேய்ன் பெர்கின்ஸ் லண்டனில் சேர்த்து வாசித்தது. ரெகேமேல் ப்ளூஸ் சுரங்கள் எப்படி உட்காரும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

அந்தச் சுரங்களில் முக்கியமானது கர்நாடக இசையின் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் ('க'வின் இரு வகைகள்) நடுவே நிற்கும் ஒன்று. ஃப்ரெட்டில் அகப்படாது, கம்பியை இழுக்க வேண்டும். தாஜ் மஹால் 1995ல் சித்ரவீணை ரவிகிரண், மோகன வீணை விஸ்வமோகன் பட் இருவரோடும் 'மும்தாஜ் மஹல்' என்ற தொகுப்பைப் பதிவுசெய்தபோது அந்த இடத்தில் யாருக்கும் சிரமம் இருந்திருக்காது. மூவர் கையிலும் அது வழக்கமான சுரம்தான்.

உங்கள் குழுவில் கீபோர்டு இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் ஆர்கன் ஒலியில் கிட்டார் வெட்டுக்கு இரு பக்கமும் குட்டிக் குட்டியாக நிரப்பச் சொல்லுங்கள். 12 பாரும் தடுமாறாமல் போன பிறகு போதும், அதற்கு முன் வேண்டாம்.