விடியற்காலை நெஞ்சுவலி: உங்கள் கேள்விகளுக்கு டொக்டரின் பதில்

ஹட்டன் வாசகி: வயது 31. தகாயசு நோய்க்கு மருந்து எடுக்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சை அமுக்குகிறது, பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது. காலையில் எடுத்த இசிஜி நார்மல். பயப்பட வேண்டுமா?

கட்டாயம் கவனிக்க வேண்டும், தங்கச்சி. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயான பெருநாடியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்துச் சுருங்கும் நோய் இது. 1908இல் தகாயசு என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் விவரித்தார். இதயத்துக்குப் போகும் குழாய்கள் பெருநாடியில் கிளைக்கும் வாயிலேயே ஒடுங்கலாம். சிலருக்குக் குழாயின் தசையும், கெண்டைக்கால் பிடிப்பதுபோல, திடீரென இறுகும். ஓய்வாக இருக்கும்போது, அதிலும் நடுச்சாமத்துக்கும் விடியலுக்கும் இடையில் வருவது இந்தப் பிடிப்பின் குணம். பிடிப்பு விட்டால் இசிஜியும் பழையபடி ஆகிவிடும். வலிக்கும்போதே எடுக்க வேண்டும். இந்த வாரமே இதய கிளினிக்குக்குப் போய், இதயக் குழாய்களைப் படமெடுக்கும் அஞ்சியோகிராம் பற்றிக் கேளுங்கள். ஒடுக்கமா பிடிப்பா என்று தெரிந்தால்தான் வைத்தியம். பிடிப்புக்கு டில்டியாசெம், அம்லோடிபின் போன்றவை கொடுப்போம்.

அப்புறம், பிரஷரை இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லுங்கள். கைக்குப் போகும் குழாய் ஒடுங்கியிருந்தால் அந்தக் கை ஏமாற்றிவிடும். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவருக்கு இடது கையில் நாடியே கிடைக்கவில்லை. மெஷின் பழுது என்று நினைத்து வேறு மெஷின் கொண்டுவந்தோம். வலது கையில் 170.

பண்டாரவளை வாசகர்: கேஸ்தானே? இஞ்சி குடித்தால் போகாதா?

இசிஜி பார்க்காமல் கேஸ் என்று முடிவு கட்டாதீர்கள்.

நுவரெலியா வாசகி: எனக்கும் தகாயசு, நெஞ்சுவலியும் உண்டு. ஒற்றைத் தலைவலிக்கு ப்ரோப்ரானொலோல் போடுகிறேன்.

இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. ப்ரோப்ரானொலோல் பிடிப்பைக் கூட்டலாம். தலைவலிக்கான சுமாட்ரிப்டானும் ஆகாது. திடீரென்று நீங்களாக நிறுத்தாமல் நாளைக்கே டொக்டரிடம் காட்டுங்கள்.

பதுளை வாசகர்: எல்லாம் பனிதான். கீழே இறங்கினால் சரியாகும்.
கொழும்பு வாசகி: இல்லை ஐயா, அம்மாவுக்கு இந்த வெக்கையிலேயே பிடித்தது.

இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. குளிர் தூண்டும். எழுந்தவுடன் சில்லென்ற பீலித் தண்ணீரில் முகம் கழுவாதீர்கள், சுடுதண்ணீர் வையுங்கள். ஆனால் பனியைவிட எனக்குப் பெரிய கவலை புகைதான். லயத்து அறையில் ஒருவர் பீடி பிடித்தால் வீடே குடிக்கிறது. இடம் மாறுவதற்கு முன் அதை நிறுத்துங்கள்.

மஸ்கெலியா வாசகர்: மனைவிக்கு நெஞ்சுவலி, இசிஜி நார்மல்...

ஹட்டன் தங்கச்சிக்கு எழுதியதை வாசியுங்கள், தம்பி. ஹட்டன் தங்கச்சிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஐந்து நிமிடத்தில் வலி விடாவிட்டால், மயக்கம் வந்தால், உடனே 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். லயம்வரை வண்டி ஏறாது என்றால் அவரை நடக்க விடாதீர்கள். கதிரையில் உட்கார வைத்து ரோட்டுக்குத் தூக்கி வாருங்கள்.