பஸ் வீட்டுக்கு டியூப்லரா, லித்தியமா?

கேள்வி: பழைய பள்ளி பஸ் ஒன்றை வாங்கி, நானும் மனைவியும் ஊர் சுற்றுவதற்காக வீடுபோல மாற்றிக்கொண்டிருக்கிறோம். வண்டி 24 வோல்ட். சிறிய ஃப்ரிட்ஜ், இரண்டு ஃபேன், லைட், தண்ணீர் மோட்டார், லேப்டாப், நாளுக்கு ஒருமுறை இண்டக்‌ஷன் அடுப்பு, இவ்வளவுதான் தேவை. ராத்திரி ஏசி ஓடினால் நல்லது. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஏஎச் (ஆம்பியர் அவர்) டியூப்லர் நான்கு போதும் என்கிறார் பேட்டரிக் கடைக்காரர். லித்தியம் போடச் சொல்கிறான் மகன். தீப்பிடிக்குமோ என்று பயமாக இருக்கிறது. லடாக் வரை போகும் ஆசையும் உண்டு. எதை வாங்கலாம்?

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் பேட்டரிக்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஃப்ரிட்ஜுக்கு நம் ஊர் வெயிலில் நாளுக்குச் சுமார் 650 வாட் அவர் ஆகும். பிஎல்டிசி ஃபேன் இரண்டு, 12 மணி நேரத்துக்கு 670. லைட், லேப்டாப், போன், மோட்டார் எல்லாம் சேர்த்து 500. இண்டக்‌ஷன் 40 நிமிடம் ஓடினால் 1,000. பலரும் விட்டுவிடும் கணக்கு ஒன்று உண்டு: இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல் சும்மா ஆனில் இருந்தாலே 20 வாட் தின்னும். நாள் முழுக்க என்றால் அது 480. மொத்தம் ஏறத்தாழ 3.3 யூனிட். படுக்கும்போது இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நேராக பேட்டரியின் டிசி கரண்டிலேயே ஓட்டினால் இதில் நிறைய மிச்சமாகும்.

கடைக்காரர் சொன்ன நான்கு பேட்டரியில் 7.2 யூனிட் இருப்பதாகத் தோன்றும். டியூப்லர் என்பது லெட் ஆசிட் வகை. லெட் ஆசிட் பேட்டரி நாள்பட உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, ஆக கைக்கு வருவது 3.6. லேபிளில் உள்ள 150 ஏஎச் பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு, அதாவது 7.5 ஆம்பியர் வீதம் நிதானமாக எடுத்தால் கிடைப்பது. இண்டக்‌ஷன் மாதிரி ஒரேயடியாக இழுத்தால் அதுவும் குறையும்.

என் பெரிய ஆட்சேபம் சார்ஜ் விஷயத்தில்தான். லெட் ஆசிட் பேட்டரி முதல் 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். மீதி 20 சதவீதம் ஏற மணிக்கணக்காகும், எவ்வளவு பெரிய சார்ஜர் போட்டாலும் அப்படித்தான். வீட்டில் இது பிரச்சினையே இல்லை, கரண்ட் வந்ததும் இன்வெர்ட்டர் நாள் முழுக்க மெதுவாக ஏற்றிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் அப்படியா? மூன்று மணி நேரம் ஓட்டுவீர்கள், பிறகு மரத்தடியில் நிறுத்துவீர்கள், பேனலில் பாதி நேரம் நிழல். பேட்டரி 80-க்கும் 50-க்கும் நடுவிலேயே ஊசலாடும். முழுசாக ஏறாமல் கிடந்தால் தகட்டில் லெட் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்து, கொள்ளளவு மாதாமாதம் குறையும். பஸ்களில் டியூப்லர் சீக்கிரம் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான், பேட்டரியின் தரம் அல்ல. அப்புறம், உயரமான டியூப்லர் ஒரே இடத்தில் நிற்பதற்கென்று செய்தது. ஒன்றே 50 கிலோவுக்கு மேல் வரும். வேகத்தடையில் குலுங்கினால் ஆசிட் தெறிக்கும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கக்கூடிய வாயு அது. படுக்கைக்கு அடியில் அதை வைக்கவே கூடாது.

லித்தியத்தில் உங்களுக்கு வேண்டியது எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். பாதி சார்ஜில் கிடப்பது அதற்குக் கெடுதலே இல்லை. 25.6 வோல்ட், 200 ஏஎச் என்றால் 5.1 யூனிட், 80 சதவீதம் எடுத்தாலும் 4 யூனிட் கிடைக்கும். எடை நான்கு டியூப்லரில் கால் பங்கு அளவுதான். நல்ல செல் என்றால் 2,000 சுற்றுக்கு (ஏற்றி இறக்குவது ஒரு சுற்று) மேல் தாங்கும். செல்போனில் இருக்கும் கோபால்ட் கலந்த வகையைவிட இது வெப்பத்தை நன்றாகத் தாங்கும், ஆக்சிஜன் பாஸ்பேட்டோடு இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் வெளியேறாது. தீப்பயம் இருப்பது நியாயம்தான், ஆனால் செல்லைவிட வயரிங்கில்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஷார்ட் ஆனால் எல்எஃப்பி ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ் கட்டாயம். 2,000 வாட் இன்வெர்ட்டர் 24 வோல்ட்டில் 90 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு 125 ஆம்பியர் ஃப்யூஸ், 35 சதுர மிமீ காப்பர் கேபிள், தொடர்ந்து 150 ஆம்பியர் தாங்கும் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, ஆபத்து வந்தால் துண்டிக்கும் சர்க்யூட்) போடுங்கள். இதையே 12 வோல்ட்டில் செய்தால் கரண்ட் இரட்டிப்பாகும், அதே வயரில் சூடு நான்கு மடங்காகும். வண்டியே 24 வோல்ட்டாக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தருவது) நேராக லித்தியத்துக்கு வயர் இழுக்காதீர்கள். எல்எஃப்பி கிடைப்பதையெல்லாம் உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் சூடாகிப் புகையும். நடுவில் பிஎம்எஸ் துண்டித்தால் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போகும். கரண்டை அளவோடு மட்டும் விடும் 24-க்கு 24 வோல்ட் டிசி-டிசி சார்ஜர் ஒன்று நடுவில் வேண்டும். 25 ஆம்பியர் சார்ஜர் என்றால் நான்கு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 2.8 யூனிட் வரும். மேலே 1,000 வாட் பேனல் தட்டையாகப் படுத்திருந்தாலும் வெயில் நாளில் 4 யூனிட் தரும். இரண்டும் சேர்ந்தால் போதும்.

12 வோல்ட் தண்ணீர் மோட்டாருக்கு, வண்டி ஸ்டார்ட் ஆகும் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கரண்ட் எடுப்பது இங்கே பலர் செய்யும் வேலை. ஒன்று காலியாகும், மற்றொன்று ஓவர்சார்ஜ் ஆகும், இரண்டும் கெடும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் வாங்கிப் போடுங்கள். ஸ்டார்ட்டர் பேட்டரியைப் பழையபடி தனியாகவே விட்டுவிடுங்கள்.

ஏசி? ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு 5 யூனிட் அளவில் கேட்கும். அதற்காக மட்டும் பேட்டரியை இரட்டிப்பாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இபி இணைப்பு உள்ள இடத்தில் தங்கும் நாளில் ஓட்டிக்கொள்ளுங்கள்.

லடாக்குக்கு ஒரு எச்சரிக்கை. எல்எஃப்பியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி பிஎம்எஸ்ஸில் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேட்டரியை வெளி டிக்கியில் வைக்காமல் நீங்கள் தூங்கும் அறைக்குள்ளேயே வையுங்கள். சித்திரை வெயிலுக்கும் அதுதான் நல்லது, இன்ஜின் சூடு படாத பக்கமாக.

எப்போது டியூப்லர் சரி என்றால், வருடத்தில் பெரும்பகுதி தோட்டத்தில் இபி கரண்டோடு நிற்கும் பஸ்ஸுக்கு. வெளியே காற்றோட்டமான பெட்டியில் வைத்து, டிஸ்டில்டு வாட்டர் பார்த்து ஊற்றினால் குறைந்த விலையில் நன்றாக உழைக்கும். நீங்கள் சொல்லும் பயணத்துக்கு அது ஒத்துவராது.