வாசலில் உள்ளே அனுமதித்த பையை ரைடில் ஏன் தடுக்கிறார்கள்?

கேள்வி: தீம் பார்க் வாசலில் பையைத் திறந்து பார்த்து, மெட்டல் டிடெக்டர் வழியாக அனுப்பி, "போகலாம்" என்றார்கள். உள்ளே ரோலர் கோஸ்டருக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நின்று ஏறப் போகும்போது, இடுப்புப் பையோடு ஏறக் கூடாது, லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். லாக்கருக்குத் தனிக் கட்டணம். சோதித்து விட்ட பையை மறுபடி தடுப்பது நியாயமா?

பதில்: தடுத்தது நியாயம். ஒரு மணி நேரம் நிற்கவிட்டுத் தடுத்ததுதான் அநியாயம்.

வாசலில் தேடுவது ஆயுதம், மது, கண்ணாடி பாட்டில் போன்றவற்றை. ரைடில் பார்ப்பது வேறு: கையிலோ பையிலோ இருந்து நழுவிப் பறக்கக்கூடியது எதுவாக இருந்தாலும் அங்கே ஆபத்துதான், அது சாவிக்கொத்தாக இருந்தாலும் சரி. கோஸ்டர் மேட்டின் உச்சியைத் தாண்டிச் சரேலென்று இறங்கும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். உங்களை மடிக் கம்பி பிடித்துக்கொள்கிறது. சட்டைப் பையில் இருக்கும் போனைப் பிடிக்க ஒன்றும் இல்லை, அது மெல்ல மேலே வந்து வெளியே போய்விடும். 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 120 கி.மீ. வேகத்தில் இருக்கும். 200 கிராம் போன் அந்த வேகத்தில் கீழே நிற்பவரின் தலையில் விழுவதை யோசித்துப் பாருங்கள்.

இது வெறும் கணக்கு இல்லை. அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் உள்ள யுனிவர்சல் பார்க்கில் இரண்டு கோஸ்டர் ரயில்கள் எதிரெதிரே வந்து உரசுவது போல விலகிப் போகும் ரைடு ஒன்று இருந்தது. 2011-ல் அதில் போனவர்கள் மீது பறந்து வந்த பொருள்கள் பட்டுக் காயம் ஏற்பட்டது. அதன் பிறகு இரண்டு ரயில்களையும் ஒரே நேரத்தில் விடுவதையே நிறுத்திவிட்டார்கள். பின்னாளில் அந்தப் பார்க்கின் பெரிய கோஸ்டர்களில் ஏறும் வழியிலேயே மெட்டல் டிடெக்டர் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் பாக்கெட்டில் கிடக்கும் சில்லறைக்குக்கூடத் திருப்பி அனுப்புவார்கள்.

ஆனால் இந்த விதியை வரிசையின் கடைசியில் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். அறிவிப்பு வரிசை தொடங்கும் இடத்தில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், பையை வைத்துவிட்டு மறுபடி வரிசையில் நிற்காமல் நேரே வர அனுமதிக்கும்படி ரைடு ஊழியரிடம் தயங்காமல் கேளுங்கள். மறுத்தால் விருந்தினர் சேவை மையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். வரிசையின் தொடக்கத்தில் பலகை இல்லாததைப் போட்டோ எடுத்து வைத்தால் உதவும்.

லாக்கர் விஷயத்தை டிக்கெட் வாங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. சில பார்க்குகளில் இலவசம். டிஸ்னியின் மேஜிக் கிங்டமில் 2023-ல் திறந்த டிரான் கோஸ்டரில் இருபுறமும் கதவு வைத்த லாக்கர், இந்தப் பக்கம் வைத்துவிட்டு இறங்கியதும் அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. வேறு இடங்களில் குறிப்பிட்ட நேரம் மட்டும் இலவசம், தாண்டினால் காசு. ரைடு பழுதாகி நின்றதால் நேரம் தாண்டியிருந்தால் அந்தக் காசை நீங்கள் கட்ட வேண்டியதில்லை என்று வாதாடுங்கள். அப்புறம் இன்னொன்று: லாக்கர் எண்ணைப் போனில் படம் எடுத்துவிட்டு அதே போனை உள்ளே வைத்துப் பூட்டுகிறவர்கள் நிறைய. டிக்கெட்டைக் காட்டித் திறக்கும் லாக்கருக்குள் டிக்கெட்டையே வைப்பவர்களும் உண்டு. எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், டிக்கெட்டை ஜிப் வைத்த பாக்கெட்டில் போடுங்கள்.

கேள்வி: ரைடில் போன் விழுந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் கிடப்பது தெரிகிறது. எடுக்க விட மாட்டேன் என்கிறார்கள். நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: வேலியைத் தாண்டவே தாண்டாதீர்கள். 2015-ல் அமெரிக்காவின் சீடர் பாயின்ட் பார்க்கில், விழுந்த பொருளை எடுக்க வேலி தாண்டிப் போனவர் கோஸ்டர் மோதி இறந்தார். மேலே ரயில் வருவது கீழே நிற்பவருக்குக் கடைசி நொடியில்தான் தெரியும்.

பெரும்பாலும் ரைடு நின்ற பிறகோ பார்க் மூடிய பிறகோதான் எடுப்பார்கள். எந்த ரைடு, எந்த வரிசை இருக்கை, எத்தனை மணி, உறையின் நிறம் என்ன என்று தொலைந்த பொருள் மையத்தில் எழுதிக் கொடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் வேறொரு போனிலிருந்து உங்கள் போனைப் பூட்டுங்கள், வங்கிச் செயலிகளை முடக்கச் சொல்லுங்கள்.

அறிவிப்பைப் பார்த்தும் பாக்கெட்டில் வைத்திருந்தால் நஷ்டஈடு கிடைப்பது கஷ்டம். ஆனால் "இந்தக் கூடையில் வையுங்கள்" என்று ஊழியரே வாங்கி வைத்து, அங்கிருந்து காணாமல் போயிருந்தால் கதை வேறு. பொருளை அவர்கள் பொறுப்பில் எடுத்திருக்கிறார்கள். "உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைக் காட்டினால் அதோடு விட்டுவிடாமல் எழுத்தில் பதில் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது, மகளுக்கு இன்சுலின் பம்ப். வாசல் சோதனையை எப்படிச் சமாளிப்பது?

பதில்: வரிசையில் நிற்கும்போதே காவலரிடம் சொல்லிவிடுங்கள், கருவியின் அடையாள அட்டையைக் காட்டுங்கள். மெட்டல் டிடெக்டர் வாசலில் நின்றுகொண்டிருக்காமல் சாதாரணமாக நடந்து போகலாம். கையில் பிடிக்கும் கருவியைப் பேஸ்மேக்கர் மேல் வைத்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில இன்சுலின் பம்புகளை எக்ஸ்ரே இயந்திரத்தில் விடக் கூடாது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள், ஆகவே கையால் சோதிக்கச் சொல்லுங்கள். ரைடில் ஏறும்போது பம்பைக் கழற்றச் சொன்னால், எவ்வளவு நேரம் கழற்றி வைக்கலாம் என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்திருப்பது அவசியம். அப்பாவை எந்த ரைடில் ஏற்றலாம் என்பதையும் அதே நேரத்தில் கேட்டுவிடுங்கள். சில கோஸ்டர்களில் சக்திவாய்ந்த காந்தங்கள் இருக்கின்றன.



கேள்வி: செல்ஃபி ஸ்டிக்கை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்பக் கிடைக்குமா?

பதில்: கொடுக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். டிஸ்னி பார்க்குகளில் 2015-லிருந்தே செல்ஃபி ஸ்டிக் கூடாது, வேறு பல பார்க்குகளிலும் அப்படித்தான். சில இடங்களில் சீட்டுப் போட்டு வைத்து, வெளியே போகும்போது தருவார்கள். சில இடங்களில் குப்பைத் தொட்டிதான். சீட்டு வாங்கியிருந்தால் அன்றைக்கே போய்க் கேளுங்கள்.