போட்டி நடனமும் அம்மாக்களின் சண்டையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது. பக்கத்து ஸ்டூடியோவில் மூன்று வருடமாக பாலேவும் ஜாஸும் கற்கிறாள். செப்டம்பரிலிருந்து போட்டிக் குழுவில் சேர்க்கலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நானோ ‘டான்ஸ் மாம்ஸ்’ என்ற அமெரிக்க ரியாலிட்டி டிவி நிகழ்ச்சியின் பழைய பகுதிகளை வரிசையாகப் பார்த்துவிட்டுக் கலங்கிப்போய் இருக்கிறேன். அந்த அம்மாக்கள் நிஜமாகவே அப்படிச் சண்டை போட்டார்களா, சொல்லிக்கொடுத்து நடிக்க வைத்தார்களா? நானும் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் அப்படித்தான் ஆவேனா? சேர்ப்பதா, வேண்டாமா?

ர.

அன்புள்ள ர.,

சண்டைகள் நிஜம். ஆனால் அவை தானாக வந்தவை அல்ல. யாரும் வசனம் எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி அந்த நிகழ்ச்சி அமைக்கப்பட்டிருந்தது. அந்த அமைப்பைப் புரிந்துகொண்டால், உங்கள் ஊர் ஸ்டூடியோவில் எதைப் பார்த்து ஒதுங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

2011 ஜூலையில் லைஃப்டைம் சேனலில் தொடங்கிய நிகழ்ச்சி அது. பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய பென் ஹில்ஸில் ஆபி லீ மில்லர் நடத்திய நடனப் பள்ளிதான் களம். ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, கண்ணாடியில் ஒட்டிய அவர்களின் படங்களை மூடியிருக்கும் தாளை ஒவ்வொன்றாகக் கிழிப்பார். கீழ்வரிசையில் தொடங்கி உச்சியில் ஒரே ஒரு படம். இதுதான் ‘பிரமிட்’. ஒவ்வொரு படத்துக்கும் அவர் சொல்லும் காரணத்தைக் கவனித்திருப்பீர்கள். கால் விரல் நீளவில்லை, சுழற்சியில் தடுமாறினாள் என்பவை ஒரு பக்கம். உன் அம்மா வாய் பேசினாள், உன் அம்மா ரிகர்சலுக்குத் தாமதமாக வந்தாள் என்பவை இன்னொரு பக்கம். அம்மா பேசினால் மகள் கீழே இறங்குவாள். மகள் இறங்கினால் அம்மா இன்னும் பேசுவாள். இந்தச் சுழலிலிருந்து நல்ல குணத்தால் மட்டும் வெளியே வந்துவிட முடியாது. ஹாலி ஃப்ரேசியர் கல்வித்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர், பள்ளி முதல்வராக இருந்தவர், நிதானமானவர். அவர் மகள் நியா அந்த முதல் குழுவில் இருந்த ஒரே கறுப்பினச் சிறுமி. இனத்தைச் சுட்டும் வேடங்கள் அவளுக்கே திரும்பத் திரும்ப ஒதுக்கப்பட்டன. அதை ஹாலி தட்டிக் கேட்டபோது, அந்த நியாயமான கேள்வியும் ஒளிபரப்பில் இன்னொரு அம்மாவின் சண்டையாகவே நின்றது.

அடுத்தது அம்மாக்களின் அறை. மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் ஐந்தாறு பேர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே தன் பிள்ளை திட்டு வாங்குவது தெரியும், இறங்கிப் போய் எதுவும் செய்ய முடியாது. பக்கத்தில் இருப்பவரின் மகளுக்கு சோலோ, அதாவது தனி நடனம், கிடைத்திருக்கிறது. கேமரா ஓடுகிறது. எத்தனை பொறுமைசாலியும் அங்கே எத்தனை வாரம் தாங்குவார்?

மூன்றாவதாக, படத்தொகுப்பு. பேசுபவரின் முகம் திரையில் இருக்கும்வரை ஓரளவு நம்பலாம். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் அழும் குழந்தையின் முகத்துக்குத் தாவினால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். குரலின் ஏற்ற இறக்கம் வாக்கியத்தின் நடுவில் மாறும், மூச்சு இடம் தவறி விழும். வெவ்வேறு நேரத்தில் பேசியதை ஒட்டுவதற்கு ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் வழக்கமாகப் பயன்படும் உத்தி இது. தனியே உட்காரவைத்து எடுக்கும் பேட்டிகளும் சம்பவம் முடிந்த பிறகு பதிவாகுபவைதான். ஆறிப்போன கோபத்தை அங்கே கேள்வி கேட்டே மறுபடி கிளப்பலாம்.

இதன் விலை என்ன என்பதும் வெளியே தெரிந்த கதைதான். 2012இல், சிறுமிகளுக்கு உடல்நிற உடை போட்டு, இறகு விசிறியைக் கையில் கொடுத்து, ஆடையே இல்லாததுபோல் தோன்றும்படி ஆடவைத்த பகுதி ஒளிபரப்பானது. எதிர்ப்பு எழுந்த பிறகு சேனல் அதை மறுஒளிபரப்பிலிருந்து விலக்கியது. 2013 நவம்பரில் நியூயார்க் படப்பிடிப்பில் கெல்லி ஹைலண்ட் என்ற அம்மா மில்லரை அறைந்து கைதானார். இரண்டு மகள்களோடு நிகழ்ச்சியை விட்டு வெளியேறி வழக்கும் தொடுத்தார். 2014இல் கிறிஸ்டி லுகாசியாக் தன் மகள் க்ளோயியைக் கூட்டிக்கொண்டு விலகினார். அந்தப் பெண்ணின் கண்ணைக் குறித்து மில்லர் சொன்ன ஒரு சொல் அதற்குக் காரணம். பிற்பாடு அது ஒரு மருத்துவக் கோளாறு என்று க்ளோயியே வெளிப்படையாகப் பேசினார். மில்லர் 2017இல் சிறை சென்றது வேறு விவகாரம், திவால் வழக்கில் வருமானத்தை மறைத்ததற்காக. பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் வேலை செய்தார்கள். பயிற்சி, படப்பிடிப்பு, பேட்டி, வார இறுதியில் போட்டி எல்லாம் உழைப்புதான். சாப்ளினோடு நடித்த சிறுவன் ஜாக்கி கூகன் சம்பாதித்த லட்சக்கணக்கான டாலரை அவன் தாயும் வளர்ப்புத் தந்தையுமே செலவழித்துத் தீர்த்த பிறகுதான் 1939இல் கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. இன்று அங்கே குழந்தைக் கலைஞரின் வருமானத்தில் 15 சதவீதத்தைப் பூட்டிவைத்தாக வேண்டும். மில்லரின் பள்ளி இருந்த பென்சில்வேனியாவில் ரியாலிட்டி நிகழ்ச்சிக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்ட சட்டம் 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் இந்த நிகழ்ச்சி ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. ஒரு குழந்தை அழுவதைப் படம் எடுத்து விற்கும்போது அதைத் தொழில் என்று ஒப்புக்கொள்ள இவ்வளவு தயங்கினார்களே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இனி உங்கள் மகள். நிகழ்ச்சியில் வாரா வாரம் புது நடனம். திங்களோ செவ்வாயோ கற்றுக்கொடுத்து வார இறுதியில் மேடை ஏற்றுவார்கள். மேடை நடுவில் பிள்ளைகள் அடவு மறந்து நின்றதற்கு இதுவே போதும். சாதாரண ஸ்டூடியோவில் அப்படி இல்லை. இலையுதிர்காலத்தில் நடனம் அமைத்து, மாதக்கணக்கில் மெருகேற்றி, ஜனவரி பிப்ரவரியிலிருந்து மே வரை அதே நடனத்தை மூன்று நான்கு போட்டிகளுக்குக் கொண்டுபோவார்கள். கோடையில் தேசியப் போட்டி. சோலோ இரண்டரை நிமிடத்தை ஒட்டி இருக்கும், குழு நடனம் மூன்று நிமிடம். நேரம் தாண்டினால் மதிப்பெண் கழிப்பார்கள்.

பெரும்பாலும் மூன்று நடுவர்கள், ஆளுக்கு 100, மொத்தம் 300. அந்த மதிப்பெண்ணை வைத்துக் கோல்ட், ஹை கோல்ட், பிளாட்டினம் என்று தரம் கொடுப்பார்கள். இது எல்லோருக்கும் கிடைக்கும். அதன் பிறகுதான் அந்தந்த வயதுப் பிரிவில் முதல் பத்து இடங்களை அறிவிப்பார்கள். டிவியில் பின்னதை மட்டும் காட்டி முன்னதை விழுங்கிவிட்டார்கள். நடனம் ஓடும்போதே நடுவர்கள் பேசிப் பதிவு செய்யும் குரல் குறிப்பு ஒன்று ஸ்டூடியோவுக்கு வரும். நீங்கள் கட்டும் பணத்துக்கு உண்மையான பலன் அதுதான். ‘இடது தோள் தூக்குகிறது’, ‘இறங்கும்போது முழங்காலை மடக்கு’ என்று துல்லியமாக இருக்கும். கோப்பையைவிட அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் மகளோடு உட்கார்ந்து கேளுங்கள்.

செலவைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். குழு நடனத்துக்கு ஒரு பிள்ளைக்கு, ஒரு போட்டிக்கு 50 முதல் 80 டாலர் வரை நுழைவுக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளலாம். சோலோவுக்கு அதில் இரண்டு மூன்று மடங்கு. ஒவ்வொரு நடனத்துக்கும் காஸ்ட்யூம் 100 டாலருக்குக் குறையாது. சோலோ என்றால் நடனம் அமைத்துக் கொடுப்பதற்கே பல நூறு டாலர் தனியாக. மாதக் கட்டணம், ஷூ, ஓட்டல் அறை எல்லாம் இதற்கு மேல். ஒன்பது வயதில் முதல் வருடம் சோலோ வேண்டாம், இரண்டு குழு நடனம் போதும்.

பெற்றோருக்குள் மனத்தாங்கல் கிளம்பும் இடங்கள் எங்கும் ஒன்றுதான்: முன்வரிசையில் யார், சோலோ யாருக்கு, டூயட்டில் ஜோடி யார், எந்த நிலையில் பதிவு செய்தார்கள். கடைசியது பலர் கவனிக்காதது. தேறிய பிள்ளைகளைத் தொடக்க நிலையில் பதிவு செய்து கோப்பை அள்ளும் ஸ்டூடியோக்கள் உண்டு. குழுவின் வயதைப் பொதுவாகப் பிள்ளைகளின் சராசரியை எடுத்துத் தீர்மானிப்பார்கள். அதனால் சராசரியைக் குறைக்க ஒரு சின்னப் பிள்ளையைச் சேர்ப்பதும் நடக்கும். சேர்வதற்கு முன் டீச்சரிடம் நேராகக் கேளுங்கள்: என் மகளை எந்த நிலையில் பதிவு செய்வீர்கள், ஏன்? வரிசையில் இடம் எப்போது, எதை வைத்து முடிவாகும்? புகார் இருந்தால் யாரிடம், எப்போது பேசுவது? நல்ல ஸ்டூடியோக்களில் போட்டி முடிந்து 24 மணி நேரம் யாரும் டீச்சரிடம் குறை பேசக் கூடாது என்று எழுத்திலேயே இருக்கும். அந்த ஒரு விதி எத்தனையோ சண்டைகளைத் தடுத்திருக்கிறது.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள். விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிது: வயது எத்தனையோ, வாரப் பயிற்சி அத்தனை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. உங்கள் மகளுக்கு ஒன்பது. கால்களை எதிரெதிர்த் திசையில் நீட்டித் தரையில் அமரும் ஸ்ப்ளிட்டை, நாற்காலி மேல் ஒரு காலை வைத்து இன்னும் கீழே அழுத்தும் பயிற்சியை இந்த வயதில் கண்டால் நிறுத்தச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டுக்கு ஆகாது.

நீங்களும் அப்படி ஆவீர்களா என்று கேட்டிருந்தீர்கள். கண்ணாடி அறையில் தினமும் உட்காராதீர்கள். இறக்கிவிட்டு வாருங்கள், முடியும்போது போய்க் கூட்டிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு நாள் பார்த்தால் போதும், வளர்ச்சியும் அப்போதுதான் தெரியும். மற்ற பெற்றோரின் வாட்ஸ்ஆப் குழுவில் நேரம், இடம், காஸ்ட்யூம் தவிர வேறு எதற்கும் பதில் போடாதீர்கள். காரில் வரும்போது முதல் கேள்வியாக எத்தனையாவது இடம் என்று கேட்காதீர்கள்.

என் பதில், சேருங்கள் என்பதுதான். கையெழுத்துப் போடும் முன் ஸ்டூடியோ தரும் கையேட்டில் படம், வீடியோ பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். ஸ்டூடியோவின் விளம்பரத்துக்கு என்று மட்டும் இருந்தால் சரி. எந்த ஊடகத்திலும், எக்காலத்துக்கும், மூன்றாம் தரப்புக்கும் உரிமை என்று இருந்தால் அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டு, ஒப்புக்கொள்கிறார்களா என்று கேளுங்கள், ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.