பல் முளைத்த பிள்ளை கடிக்கிறான், என்ன செய்ய?

கேள்வி: அக்கா, என் மகனுக்கு 16 மாதம். பால் குடிக்கும்போது கடித்துவிடுகிறான், காம்பு வெடித்து எரிகிறது. வேப்பெண்ணெய் தடவி மறக்கடிக்கச் சொல்கிறார் மாமியார். எனக்கு மனசு வரவில்லை. (வாசகி, குடியாத்தம்)

பதில்: மனசு வரவில்லையென்றால் நிறுத்தாதீர்கள் தங்கச்சி. 2 வயதுக்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பிள்ளை ஒழுங்காக உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப் பல்லை மூடியிருக்கும், அப்போது கடிக்க வராது. வயிறு நிறைந்து விளையாட ஆரம்பிக்கும்போதோ, தூக்கம் சொக்கும்போதோதான் கடி விழும், அதனால் விழுங்கும் சத்தம் குறைந்ததுமே உங்கள் சுண்டு விரலை அவன் வாயோரத்தில் நுழைத்து மெதுவாக எடுத்துவிடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் புண்தான் பெரிதாகும். கத்தவும் வேண்டாம், சில பிள்ளைகள் பயந்து குடிப்பதையே விட்டுவிடும், சிலதுக்கு அதுவே விளையாட்டாகிவிடும். "கடிச்சா அம்மாவுக்கு வலிக்கும்" என்று சொல்லி மார்பை மூடிவிடுங்கள், இந்த வயதில் அவனுக்குப் புரியும்.

பல் முளைப்பதால் ஈறு அரித்தால் நம்ம வேலூர் வெயிலுக்கு ஃபிரிட்ஜில் வைத்த ஈரத்துணியைப் பால் கொடுக்கும் முன் கடிக்கக் கொடுங்கள், பிள்ளைக்கும் இதமாக இருக்கும். இன்னொன்று, ஓடுகிற வயசு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே காம்பு நுனியை மட்டும் பிடிப்பான். வாயை நன்றாகத் திறக்க வைத்து, நெஞ்சோடு அணைத்துக் கொடுங்கள். வெடிப்பில் உங்கள் பாலையே தடவிக் காயவிடுங்கள். மார்பு சிவந்து கட்டி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், அப்போதும் பாலை நிறுத்த வேண்டாம்.