பவுல் பெற்றுக்கொண்டது

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் பெரும்பாலும் நிருபங்களிலிருந்தே பிரசங்கம். இயேசுவோடு கூட நடந்திராத பவுலின் கடிதங்கள் எப்படி விசுவாசத்துக்கு ஆதாரம் ஆகும்? நான்கு சுவிசேஷங்கள் போதாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புதிய ஏற்பாட்டைத் திறந்தால் மத்தேயு முதலில் வருகிறது. அதனால் சுவிசேஷங்களே முதலில் எழுதப்பட்டன என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் கி.பி. 50ஐ ஒட்டியது. கொரிந்தியருக்கு முதல் நிருபம் 54 வாக்கில் எபேசுவிலிருந்து எழுதப்பட்டது. சுவிசேஷங்களில் முதலில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் மாற்குவையோ பெரும்பாலான அறிஞர்கள் 70ஐ ஒட்டித்தான் வைக்கிறார்கள்.

சரி, முந்தியது என்பதற்காக மட்டும் ஒன்றை நம்பிவிட முடியாது. 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார் என்று சொல்லுமுன், "நான் அடைந்ததும் உங்களுக்கு முக்கியமாக ஒப்புவித்ததும்" என்கிறார் பவுல். தனக்கு முன்னே விசுவாசிகள் அறிக்கையிட்டதைத்தான் கைமாற்றித் தருகிறார். யாரிடமிருந்து பெற்றார் என்று அங்கே சொல்லவில்லை. ஆனால் உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களின் பட்டியலில் அவர் பெயர் சொல்லும் இருவர் கேபாவும் யாக்கோபும். கலாத்தியர் முதல் அதிகாரத்தைப் பாருங்கள்: எருசலேமுக்குப் போய் பேதுருவிடம் 15 நாள் தங்கினேன், கர்த்தரின் சகோதரன் யாக்கோபையும் கண்டேன் என்கிறார். கேபாவும் பேதுருவும் ஒருவர்தானே! இந்த இரண்டு இடங்களையும் சேர்த்து வாசித்த நாளில்தான் எனக்கு நிருபங்களின் கனம் புரிந்தது.

அப்புறம் 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரம். திருமணம் பற்றிச் சொல்லும்போது, இது கர்த்தரின் கட்டளை, இது நான் சொல்வது என்று பிரித்தே எழுதுகிறார். தன் சொந்தக் கருத்தைக் கர்த்தரின் வாயில் வைக்கக் கூசுகிற அந்த மனிதரை நான் நம்புகிறேன்.

எல்லா நிருபங்களும் ஒரே நாளில் ஏற்கப்படவில்லை என்பதும் உண்மை. 2 பேதுருவைக் குறித்து ஆதித் திருச்சபையிலேயே தயக்கம் இருந்தது. இன்றைய 27 நூல்களும் ஒரே பட்டியலாக அத்தனாசியுஸ் ஆயரின் கடிதத்தில் வருவது 367இல்தான்.

உங்கள் குறையிலும் நியாயம் உண்டு. இயேசுவின் உவமைகளையும் நடையையும் கேளாமல் நிருபங்களை மட்டுமே கேட்கும் சபை பசியோடு இருக்கும். போதகரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆனால் நிருபங்களை ஒதுக்கிவிடாதீர்கள். "காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே" என்று திருவிருந்தில் கேட்கிறீர்களே, அது 1 கொரிந்தியர் 11. அந்த இரவைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் முதலில் எழுதப்பட்டது அதுதான்.

அன்புடன்.