தலைகுனிந்து நடப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

முதல் உலகப்போரில் வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து மேலேறும் காட்சியை பிரிட்டிஷ் ஓவியர் ஜான் நாஷ் 1918இல் வரைந்திருக்கிறார். பார்த்தேன். உருவங்கள் மரப்பொம்மைகள் மாதிரி இருக்கின்றன, போரின் வேகமே இல்லை. கேமரா வந்துவிட்ட காலத்தில் இது எதற்கு? அரசு பணம் கொடுத்து வரையவைத்தால் பிரச்சாரம்தானே? ஓவியம் பார்க்கப் பழக எங்கே தொடங்கலாம்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

சில வாரங்களாக நானும் இந்த ஓவியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பிரச்சாரம் என்ற சொல்லை இவ்வளவு சுலபமாக வீசாதீர்கள். அதே பிரிட்டிஷ் அரசுக்கு வரைந்த இன்னொரு ஓவியர் நெவின்சன், முள்வேலியருகே செத்துக்கிடக்கும் இரண்டு வீரர்களை வரைந்தார். அதற்குத் தடை வந்தது. பழுப்புத்தாளை ஒட்டி, ‘தணிக்கை செய்யப்பட்டது’ என்று எழுதி அதைக் கண்காட்சியில் மாட்டினார். அரசு பணம் கொடுத்தாலே பிரச்சாரமாகிவிடாது என்று காட்ட அது போதும்.

கேமராவுக்கு வருவோம். 1916இல், பிரான்சில் நடந்த சோம் போரைப் பற்றி பிரிட்டனில் ஒரு படம் வெளியானது. அதில் வீரர்கள் குழியிலிருந்து ஏறிப் பாய்கிறார்கள், ஒருவர் சரிந்து விழுகிறார். அந்தக் காட்சி போர்முனைக்குப் பின்னால் நடிக்கவைத்து எடுத்தது. நீங்கள் தேடுகிற வேகம் அங்கிருந்து வந்தது தம்பி. உங்கள் கண்ணைப் பழக்கியது சினிமா.

நாஷ் தான் வரைந்த குழியிலிருந்து தானே ஏறியவர். 1917 டிசம்பர் 30, வடக்கு பிரான்சில் மார்குவான் அருகே. எங்கும் பனி. ஏறிய 80 பேரில் 68 பேர் முதல் சில நிமிடங்களிலேயே இறந்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். தப்பிய சிலரில் ஒருவர், சில மாதங்கள் கழித்து இங்கிலாந்தில் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து வரைந்தது இது.

இப்போது மறுபடி பாருங்கள். ஒருவரும் ஓடவில்லை. கனத்த மேலங்கி, பனியில் புதையும் கால், அடைமழைக்குள் இறங்கி நடப்பவர்களைப் போல் குனிந்த தலை. எதிரியைக் காணோம். பக்கத்தில் குப்புற விழுந்தவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நின்றால் அவர்களும் அங்கேயே விழுவார்கள். குளிரிலும் பயத்திலும் மனித உடம்பு விறைத்துத்தான் போகும்! அதை மரப்பொம்மை என்கிறீர்கள். வரையத் தெரியாமல் வந்த விறைப்பு இல்லை அது. வெள்ளைப் பனியில் காக்கி உடுப்போடு பகல் வெளிச்சத்தில் நடந்தவருக்கு, தன் உடம்பு எப்படி இருந்தது என்று தெரியாதா?

சரி, எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். புத்தகப் பட்டியல் தரமாட்டேன். இந்த ஓவியத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் விழுந்துவிட்டார்கள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். குழிக்குள்ளேயே கிடப்பவர்களை விட்டுவிடாதீர்கள்.